நடித்துப் படிக்கட்டும்: 3 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு நாடகம் வழியாக வாசிப்பும் எழுத்தும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது ஆண்டு விழா நாடகம் போடுவது பற்றியது இல்லை. மாதக்கணக்கில் ஒத்திகை, மேடை ஏறியதும் வசனம் மறந்து உதட்டைப் பிதுக்குகிற குழந்தை, திரைக்குப் பின்னாலிருந்து அடிக்குரலில் எடுத்துக்கொடுக்கிற டீச்சர். அதில் எந்தக் குழந்தைக்கும் எழுத்தறிவு வளர்ந்து நான் பார்த்ததில்லை. வசனம் மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான். இங்கே நான் சொல்வது பார்வையாளர்களே இல்லாத நாடகம். ஒரு கதை, ஒரு காலி மூலை, 20 நிமிடம் போதும்.

இதைச் செய்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஆட்டம் நன்றாக இருக்கும், குழந்தைகள் சிரிப்பார்கள், எல்லாம் முடிந்து கலைந்து போவார்கள், அந்த 20 நிமிடத்தில் ஒரு எழுத்துகூடக் கண்ணில் பட்டிருக்காது. அது விளையாட்டு என்ற வகையில் நல்லதுதான், ஆனால் எழுத்தறிவு இல்லை. அதனால் எனக்கு ஒரே ஒரு விதிதான்: ஆட்டம் தாளிலிருந்து தொடங்க வேண்டும், இல்லையென்றால் தாளில் போய் முடிய வேண்டும். இரண்டும் நடந்தால் இன்னும் நல்லது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

வாசிப்பு என்பது இரண்டு திறன்களின் பெருக்கல் என்று 1986ல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவது ஒன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்வது இன்னொன்று. கூட்டல் இல்லை, பெருக்கல். ஏதாவது ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். நாடகம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் வளர்க்கும்: சொல்வளம், கதையின் போக்கு, யார் ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற புரிதல். முதலாவதற்கும் கொஞ்சம் உதவும், எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் நாடகம் போட்டால் எழுத்து தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுத்தைத் தனியாகவும் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

ஆதாரம் கேட்பவர்களுக்கு: 1982ல் பெல்லெகிரினி, கால்டா என்ற இருவர், ஒரே கதையைக் கேட்ட சின்னக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு கதையை நடித்தது, ஒன்று பெரியவரோடு பேசியது, ஒன்று படம் வரைந்தது. கதையை நன்றாகப் புரிந்து வைத்திருந்தது நடித்த குழுதான். 2000ல் ஆன் போட்லாஸ்னி என்ற ஆய்வாளர் 80 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, நடித்த கதையில் மட்டும் இல்லாமல் நடிக்காத புதுக் கதையிலும் அந்தப் பலன் ஓரளவு தெரிந்தது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை நடுவில் எங்கேயோ போய்விட்டு வரலாம், ஆட்டுக்குட்டியாக நிற்கிற குழந்தையால் முடியாது. அடுத்து என்ன நடக்கும், தான் இப்போது எதற்கு அழ வேண்டும் என்று அதற்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இடமும் சைகையும்

தரையில் ஒரு டேப்போ சாக்பீஸ் கோடோ போட்டு ஒரு சதுரம் வையுங்கள். உள்ளே போனால் கதை, வெளியே வந்தால் நாம். இந்த ஒரு கோடு பாதி ஒழுங்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது ஒரு சைகை. இரண்டு தட்டு தட்டினால் எல்லோரும் சிலை. முதல் இரண்டு நாள் கதையே வேண்டாம், இதை மட்டும் விளையாடுங்கள். சிலையாகாத கூட்டத்தோடு கதைக்குள் இறங்கினால் பாதியில் உங்கள் தொண்டைதான் போகும். சண்டைக் காட்சி வந்தால் ஒரு கை தூரம் விட்டு, மெதுவான அசைவில் மட்டும். யாரும் யாரையும் தொடக்கூடாது.

உடை, முகமூடி எதுவும் வேண்டாம். ஒரு நீளத் துணி இருந்தால் அதுவே ஆறு, குகை, இறக்கை. வேண்டுமென்றேதான் குறைவாக வைக்கச் சொல்கிறேன். லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர், குழந்தை குச்சியைக் குதிரையாக்குகிற விளையாட்டையும் எழுத்தையும் ஒரே கயிற்றில் கோர்த்தார். குச்சி குதிரைக்குப் பதிலாக நிற்கிறது, வளைந்த கோடு ஒரு ஒலிக்குப் பதிலாக நிற்கிறது, இரண்டுக்கும் வேண்டிய மனம் ஒன்றுதான். நிஜமான குதிரை பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்த வேலையை நாமே செய்துவிடுகிறோம்.

கதை எப்படி இருக்க வேண்டும்

திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி, நடித்துக் காட்டக்கூடிய வினைகள், ஒரு சிக்கல். இந்த மூன்றும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நீதிக்கதைகளில் எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை, முடிவு முன்பே தெரிந்துவிடுவதால் குழந்தைக்குக் கேட்க எதுவும் மிஞ்சாது.

நான் பயன்படுத்துகிற ஒரு சின்னக் கதையை வைத்தே மீதியைச் சொல்கிறேன். ஒரு ஆட்டுக்குட்டியின் கழுத்து மணி தொலைந்துவிட்டது. அது ஆற்றிடம் போய், "என் மணியைப் பார்த்தாயா?" என்று கேட்கிறது. "பார்க்கவில்லை, போய்த் தேடு!" என்கிறது ஆறு. காற்று, பாறை, நத்தை எல்லோரிடமும் இதே கேள்வி, இதே பதில். கடைசியில் மரத்தில் மணிச்சத்தம். காகம் அதை எடுத்துத் தன் கூட்டில் தொங்கவிட்டிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால்தான் குஞ்சுகள் தூங்குகின்றன. இப்போது ஆட்டுக்குட்டி என்ன செய்யும்? கதை அங்கே நின்றுவிடுகிறது. முடிவைக் குழந்தைகள்தான் போட வேண்டும்.

முதலில் வாசிப்பு, அப்புறம்தான் ஆட்டம்

நடிப்பதற்கு முன் இரண்டு முறையாவது வாசித்துக் காட்டுங்கள். முதல் முறை நிறுத்தாமல். இரண்டாவது முறை, அந்தத் திரும்ப வரும் இரண்டு வரிகளையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு முறை வரும்போதும் விரல் வைத்துக் காட்டுங்கள். மூன்றாவது தடவை விரல் போவதற்குள் குழந்தைகள் சொல்லிவிடுவார்கள். 4 வயதுக் குழந்தை அதை வாசிக்கவில்லை, ஞாபகத்திலிருந்து சொல்கிறது, அது பரவாயில்லை. இந்தச் சத்தம் அந்தக் கோடுகளில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அந்த வயதுக்கான வாசிப்பு.

பிறகு சொற்கள். ஆட்டுக்குட்டி "நடந்தது" என்று மட்டும் சொல்லி ஏன் நிறுத்த வேண்டும்? துள்ளியது, தயங்கியது, தள்ளாடியது, பதுங்கியது, விரைந்தது. ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதி, வாயைத் திறக்காமல் தூக்கிக் காட்டுங்கள், சதுரத்துக்குள் இருப்பவர்கள் அதை நடந்து காட்ட வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையின் மூலையில் சின்னப் படம். தயங்குவதற்கும் பதுங்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று அகராதியை வைத்து 5 வயதுக்கு விளக்கிப் பாருங்கள், முடியாது. உடம்பால் இரண்டையும் ஒருமுறை செய்த குழந்தை மறக்காது.

ஒலியும் எழுத்தும், உடம்பால்

தமிழில் எழுதப் பழகும் குழந்தைகளுக்கு இது ரொம்பப் பொருந்துகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குறில், நெடில் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பதே கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம் என்றுதான் நம் இலக்கணம் அளந்து வைத்திருக்கிறது, அதாவது அளவுகோலே உடம்புதான். அதனால் குறிலுக்கு ஒரு சின்ன எட்டு, நெடிலுக்குக் கையை விரித்து ஒரு நீள எட்டு. விடு, வீடு. பல், பால். படம், பாடம். சொல்லிக்கொண்டே நடந்தால் காது பிடித்துக்கொள்ளும். காது பிடித்தபின் கால் போட மறப்பது குறையும். துணைக்காலைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு, மனித எழுத்து. நம் எழுத்தில் ஒரு வினோதம் உண்டு. "கெ", "கே", "கை" மூன்றிலும் உயிர்க்குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியில் பின்னால் வரும். "கொ", "கோ" என்றால் இரண்டு பக்கமும் நிற்கும். பெரியவர்களுக்கு இது பழகிவிட்டதால் வினோதமாகவே தெரிவதில்லை, 5 வயதுக் குழந்தைக்குக் குழப்பம்தான். ஒருவர் "த" அட்டை, ஒருவர் ஒற்றைக்கொம்பு, ஒருவர் துணைக்கால், ஒருவர் "ல", இன்னொருவர் ஐகாரக் குறி. ஆட்டுக்குட்டியின் மணி என்ன ஆச்சு? தொலை... ந்தது. "தொலை" என்று கை தட்டினால் இரண்டு தட்டு, நிற்பதோ ஐந்து பேர். யார் எங்கே நிற்பது என்று அவர்களே சண்டை போட்டுத் தீர்க்கட்டும், அந்தச் சண்டைதான் பாடம்.

அப்புறம் "கொடு" என்று நிற்க வைத்து, ஒற்றைக்கொம்பை மட்டும் வெளியே அனுப்பி இரட்டைக்கொம்பை உள்ளே கூப்பிடுங்கள். "கோடு" ஆகிவிட்டது. ஒரே ஒரு ஆள் மாறியதில் சொல்லே மாறிவிட்டதைப் பார்த்து அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. உகர, ஊகார வரிசைக்குக் குறியைத் தனி அட்டையாக வெட்ட முடியாது, கு, சு, டு, மு எல்லாம் வெவ்வேறு விதமாக மாறும், அதனால் அவற்றை முழு எழுத்தாகவே எழுதிவிடுங்கள். இரண்டாவது, அட்டையோடு நிற்பவர்களின் இடது பக்கம் பார்ப்பவர்களுக்கு வலது. இதை யோசிக்காமல் நான் முதல்முறை செய்தபோது ஒரு வகுப்பே சொல்லைத் தலைகீழாக வாசித்தது. இப்போதெல்லாம் பார்ப்பவர் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று தரையில் எண் போட்டுவிடுகிறேன்.

கதையை ஆடுவது

நீங்கள் கதையை வாசித்துக்கொண்டே போங்கள், குழந்தைகள் வட்டமாகக் கோட்டுக்கு வெளியே உட்காரட்டும். பாத்திரம் வரும்போது வட்டத்தில் அடுத்து யார் இருக்கிறார்களோ அவர்தான் அது. ஆறு வந்தால் அடுத்த மூன்று பேர் ஆறு. ஆண், பெண், விருப்பம் எதுவும் பார்க்க வேண்டாம். "நான்தான் ஆட்டுக்குட்டி" என்று அடம் பிடிப்பதற்கு இடமே இருக்காது, ஏனென்றால் பாதிக் கதையில் ஆட்டுக்குட்டியும் மாறிவிடும். பாறையாக அசையாமல் இருப்பதும் ஒரு பாத்திரம்தான், கூச்சப்படுகிற குழந்தைக்கு அதைப்போல நல்ல தொடக்கம் கிடையாது.

நடுவில் இரண்டு தட்டு தட்டி நிறுத்துங்கள். சிலையாக நிற்கும் ஆட்டுக்குட்டியின் தோளில் கை வைத்து, "இப்போது மனசுக்குள் என்ன ஓடுகிறது?" என்று கேளுங்கள். ஒரு வரி சொன்னால் போதும். தாளில் எழுதாமல் விட்டிருப்பதை ஊகிக்கிற பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

ஆடி முடித்ததும் கேள்வி நாற்காலி. ஒரு குழந்தை காகமாக உட்காரும், மற்றவர்கள் கேட்பார்கள். "ஏன் கேட்காம எடுத்த?" "கேட்டா குடுத்திருக்க மாட்டீங்க." இந்த ஒரு பதிலில் இருக்கிற காரணகாரியம் பத்துப் பயிற்சித்தாள் கேள்வியில் வராது. கேள்வி கேட்கத் திணறுகிறவர்களுக்கு யார், எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஐந்து அட்டைகளைச் சுவரில் ஒட்டி வையுங்கள், ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

நீங்களும் உள்ளே வாருங்கள்

ஆசிரியரே ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நுழைவதை ஒரு முறையாகவே வளர்த்தவர் பிரிட்டனைச் சேர்ந்த டோரதி ஹீத்கோட். இதற்கு நடிப்புத் திறமை எதுவும் வேண்டாம், தோளில் ஒரு துணி போதும். நான் ஆட்டுக்குட்டியின் பாட்டியாக வருவேன். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, எழுதவும் வராது. மணி காணோம்னு ஒரு அறிவிப்பு எழுதிக் குடுப்பீங்களா?" அவ்வளவுதான். எழுதச் சொன்னால் முனகுகிற அதே குழந்தைகள் தரையில் கவிழ்ந்து படுத்து எழுதுவார்கள். "மணீ கானும்" என்று ஒருவன் எழுதித் தருவான். பாட்டி அதைத் திருத்தமாட்டாள், நன்றி சொல்லி வாங்கி மரத்தில் ஒட்டுவாள். ணகரம், னகரம் எல்லாம் நாளைக்கு, நீங்கள் மறுபடி டீச்சரான பிறகு.

எழுத்துக்கு இப்படி ஒரு தேவையைக் கதைக்குள்ளேயே உண்டாக்க வேண்டும். தேடிப் போகிற வழிக்கு வரைபடம், காகத்துக்கு ஒரு கடிதம், காகம் போடும் பதில் கடிதம் (இதை இரவில் நீங்கள் எழுதி மறுநாள் ஜன்னலில் செருகி வைக்க வேண்டும், வேறு வழியில்லை), கூட்டின் வாசலில் "சத்தம் போடாதே, குஞ்சுகள் தூங்குகின்றன" என்று ஒரு பலகை. எழுதவே வராத 3 வயதுக் குழந்தை கிறுக்கித் தந்தாலும், "என்ன எழுதியிருக்கு, வாசிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். கட்டாயம் வாசித்துக் காட்டும்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா

தமிழ்க் குழந்தைக்குப் புத்தகத்தைத் திறந்ததும் இன்னொரு மொழி போலத் தெரிகிற சிக்கல் உண்டு. வீட்டில் "வந்துச்சு", புத்தகத்தில் "வந்தது". இதற்கு நாடகத்தில் ஒரு இயல்பான வழி இருக்கிறது: கதைசொல்லி எழுத்துத் தமிழில் பேசுவார், பாத்திரங்கள் அவரவர் பேச்சில் பேசுவார்கள். "ஆட்டுக்குட்டி ஆற்றிடம் சென்றது" என்று கதைசொல்லி சொன்னதும், ஆட்டுக்குட்டி "என் மணியப் பாத்தியா?" என்று கேட்கட்டும். சுவரில் ஒட்டிய தாளில் "மணியைப் பார்த்தாயா" என்றுதான் இருக்கும். இரண்டும் ஒன்றுதான், ஒன்று வாய்க்கு, ஒன்று தாளுக்கு என்று யாரும் விளக்காமலே பிடிபட்டுவிடும். 6 வயதுக்கு மேல், கதைசொல்லி வேடத்தையும் குழந்தைகளிடமே கொடுங்கள்.

குழந்தை சொல்ல, நீங்கள் எழுத

இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லேபரட்டரி பள்ளியில் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலி உருவாக்கிய முறை. 1989ல் மக்ஆர்தர் ஃபெலோஷிப் என்ற பெரிய அமெரிக்க விருதைப் பெற்றவர் அவர். குழந்தை கதை சொல்லும், டீச்சர் எழுதுவார், அன்றே அதை வகுப்பு நடிக்கும். கேட்க எளிமையாக இருக்கும், செய்யும்போது சில நுணுக்கங்கள் உண்டு.

பக்கத்தில் உட்காருங்கள், எதிரே வேண்டாம், உங்கள் கை எழுதுவது குழந்தைக்கு நேராகத் தெரிய வேண்டும். எழுதும்போதே ஒவ்வொரு சொல்லையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. "அப்புறம் என்ன ஆச்சு" என்பதைத் தவிர வேறு யோசனை சொல்லாதீர்கள், கதையை நல்வழிப்படுத்தும் வேலை நமக்கு இல்லை. முடிந்ததும் முழுவதையும் விரல் வைத்து வாசித்துக் காட்டி, "இது நீ சொன்னதுதானே, ஏதாவது மாத்தணுமா?" என்று கேளுங்கள். மாற்றச் சொன்னால் அடித்துத் திருத்துங்கள், அடித்தல் திருத்தலும் எழுத்தில் சேர்த்திதான் என்று அது பார்க்கட்டும். பாத்திரப் பெயர்களுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டால் நடிக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்று தடுமாற வேண்டாம்.

குழந்தை "பூனை ஓடிப் போச்சு" என்றால் "போச்சு" என்றே எழுதுவதா, "போயிற்று" என்று மாற்றுவதா? இதில் பலரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். சொன்னது சொன்னபடியே எழுத வேண்டும் என்பேன். தன் வாயிலிருந்து வந்ததே தாளில் இருக்கிறது என்று குழந்தைக்கு நம்பிக்கை வர வேண்டும். சில மாதம் கழித்துக் கதைசொல்லி வேடம் பழகிய குழந்தை தானாகவே "சென்றது" என்று சொல்லத் தொடங்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று கதைக்கு மேல் எடுக்க முடியாது, பெயர்ப்பட்டியல் போட்டு முறை வையுங்கள். "ஒரு நாய். முடிஞ்சிருச்சு" என்பதும் கதைதான். அதையும் அதே மரியாதையோடு ஒருவர் சதுரத்துக்குள் போய் நாயாக நின்று நடிக்க வேண்டும். அந்தக் குழந்தையின் அடுத்த கதை நீளமாக இருக்கும், ஏனென்றால் நாய் நின்றதும் மற்றவர்கள் "எங்க போச்சு?" என்று கேட்டிருப்பார்கள்.

6 வயதுக்கு மேல்: வாசிப்பு நாடகம்

எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்து, ஆனால் இழுத்து இழுத்து வாசிக்கிறவர்களுக்கு இது. உடை, அசைவு, மனப்பாடம் எதுவும் இல்லை. கையில் தாள், குரலில் நடிப்பு. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் கூடும் என்று ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979லேயே எழுதினார், ஆனால் சும்மா நாலு தடவை வாசி என்றால் எந்தக் குழந்தை வாசிக்கும்? நாடகம் என்றால் ஒத்திகை வேண்டும், ஒத்திகை என்றால் திரும்ப வாசித்தே ஆக வேண்டும்.

திங்களன்று நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். செவ்வாய் எல்லோரும் சேர்ந்து எல்லா வரியும். புதன், வியாழன் நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள், பாத்திரங்களை மாற்றி மாற்றி. வெள்ளி இன்னொரு குழுவுக்கு வாசித்துக் காட்டுவது. தாளில் எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளியோடு, அவரவர் வரிக்கு ஒரு நிறம் தீட்டி. நிறுத்தற்குறிகளை இப்போதுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். "பார்க்கவில்லை, போய்த் தேடு!" என்பதில் கால்புள்ளியில் மூச்சு, ஆச்சரியக்குறியில் எரிச்சல். அதே வரியைப் பாவமாகச் சொல், தூக்கக் கலக்கத்தில் சொல், ரகசியமாகச் சொல் என்று விளையாடினாலே பத்துத் தடவை வாசித்துவிடுவார்கள்.

தடுமாறுகிறவருக்குச் சின்ன வரியைக் கொடுத்து ஓரங்கட்டாதீர்கள். திரும்ப வரும் வரியைக் கொடுங்கள், இரண்டாவது முறையே சரளமாகிவிடும்.

சில சங்கடங்கள்

பேசவே மாட்டேன் என்கிற குழந்தைக்குப் பொம்மலாட்டம். காகிதப் பை, பழைய காலுறை, விரலில் ஒட்டிய முகம் எதுவானாலும் சரி. தான் பேசவில்லை, பொம்மைதான் பேசுகிறது என்று ஆனதும் பல குழந்தைகளுக்கு வாய் திறக்கும். அதற்கும் வராவிட்டால் விடுங்கள், மணியை ஆட்டிச் சத்தம் தருகிற வேலையைக் கொடுங்கள். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை தன் பாத்திரத்தைத் தன் மொழியிலேயே பேசட்டும், திரும்ப வரும் வரியை மட்டும் எல்லோரோடும் சேர்ந்து சொல்லட்டும். காது சரியாகக் கேட்காத குழந்தை இருந்தால் எல்லாச் சைகையும் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும், தட்டுவதற்குப் பதில் கையைத் தூக்குங்கள், இல்லை விளக்கை அணைத்துப் போடுங்கள். யாரையும் கட்டாயப்படுத்திச் சதுரத்துக்குள் தள்ள வேண்டாம். உட்கார்ந்து பார்ப்பவரும் கதையில்தான் இருக்கிறார்.

எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பரீட்சை வேண்டாம். வாரம் இரண்டு பேரை மட்டும் கவனித்து, கதையைத் தானே வரிசையாகத் திரும்பச் சொல்ல முடிகிறதா, புதுச்சொல் எதையாவது விளையாட்டுக்கு வெளியே பயன்படுத்துகிறாரா, சுவரில் ஒட்டிய வரியில் எந்தச் சொல்லைத் தனியே அடையாளம் காட்டுகிறார் என்று இரண்டு வரி குறித்து வையுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு குழந்தைதான் என்றால் வட்டம், முறை, பட்டியல் எதுவும் வேண்டாம். மீதிப் பாத்திரம் எல்லாம் நீங்கள், தலையணை, நாற்காலி. தூங்குவதற்கு முன் கதையை வாசிப்பது எப்போதும் நடப்பதுதானே, மறுநாள் மாலை அதையே பத்து நிமிடம் ஆடுங்கள். பிறகு குழந்தை சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதி போட்டு, ஓரத்தில் துளையிட்டு ஒரு நூலில் கோர்த்து, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி வையுங்கள். வேறு எந்தப் புத்தகமும் வாசிக்க வராத நாளில் அதை எடுத்துக்கொண்டு வந்து உங்களுக்கே வாசித்துக் காட்டும்.